1064: பாதி மட்டும் பேசும் ஒரு பிழைச்செய்தி

மைஎஸ்க்யூஎல் தொட்டவர்கள் எல்லோருக்கும் 1064 பழக்கம்தான். "உங்கள் எஸ்க்யூஎல் இலக்கணத்தில் பிழை, உங்கள் சர்வர் வெர்ஷனுக்கான கையேட்டைப் பாருங்கள்" என்பது அதன் சாரம். அந்த வெர்ஷன் எது? அதை மட்டும் சொல்லாது. சர்வருக்குத் தன் வெர்ஷன் தெரியாதா என்ன?

அடுத்த வம்பு, பிழை "இதற்கு அருகில்" என்று அது காட்டும் இடம். ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை ...) என்று ஒரு க்வெரி. விண்டோ ஃபங்ஷன்கள் 2018-ல் வந்த 8.0-ல்தான் சேர்ந்தன. 2015-ன் 5.7-ல் இதை ஓட்டினால் பிழை "ஓவர்" என்ற சொல்லில் காட்டப்படாது, அதற்கடுத்த அடைப்புக்குறியில் காட்டப்படும். காரணம், 5.7-க்கு ஓவர் ஒரு சிறப்புச் சொல்லே இல்லை. "ஏஸ்" போடாமல் எழுதிய அலியாஸ்னு நினைச்சு பார்சர் தாண்டிப் போய்விடுகிறது. நாம உட்கார்ந்து அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருப்போம்! க்வெரியில் ஒரு தப்பும் இருக்காது.

நியாயமாப் பார்த்தால், பழைய பார்சருக்கு வருங்கால இலக்கணம் தெரிய வழியில்லை. அதை மன்னிக்கலாம். ஆனால் தலைகீழ் கதையும் உண்டு. பழைய டம்ப் ஃபைலில் "டைப்=மைஐஎஸ்ஏஎம்" என்று இருக்கும். 5.5-க்கு முன்பு "இனி என்ஜின் என்று எழுதுங்கள்" என்று எச்சரிக்கையாவது வந்தது. 5.5-ல் டைப்பை நீக்கிய பிறகு அதே மொட்டை 1064தான். தன் பழைய சொல்லையே தெரியாத மாதிரி நடிப்பதை எப்படி மன்னிப்பது?

ஆகவே 1064 வந்தால் காற்புள்ளியைத் தேடுமுன் "செலக்ட் வெர்ஷன்()" ஓட்டிப் பாருங்க. டெர்மினலில் "மைஎஸ்க்யூஎல் --வெர்ஷன்" அடிச்சா கிளையன்ட்டின் எண்தான் வரும். லேப்டாப்பில் 8.0, சர்வரில் 5.7 என்பது சர்வ சாதாரணம். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனை திட்டினாலும் 1064 வாய் திறந்து கத்துகிறது. என்னைக் கேட்டால், மௌனம் இதைவிட மோசம். டேபிள் உருவாக்கும்போது "செக் (வயது >= 18)" என்று நிபந்தனை எழுதினால், 8.0.16-க்கு முந்தைய வெர்ஷன்கள் அதைப் படித்துவிட்டு, எந்தப் பிழையும் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அதன்பின் 5 வயதும் உள்ளே போகும். சர்வரை அப்கிரேட் செய்தாலும் அந்த நிபந்தனை தானாகத் திரும்பி வராது. "ஷோ கிரியேட் டேபிள்" போட்டுப் பாருங்க, நீங்க எழுதிய வரி அங்கே இருக்காது.