முதலெழுத்துகளில் மறைந்த சொல்லை ரசிப்பது எப்படி?

பழைய கிரந்தங்களை வாசிப்பவர்கள், பொருளை மாத்திரம் அறிந்துகொண்டு ஏட்டை மூடிவிடாமல், அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாக ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்களாயின், ஆசிரியன் ஒளித்துவைத்த ஒரு பெயரோ சொல்லோ அவர்களுக்குச் சில சமயங்களில் அகப்படக்கூடும். ஆயினும், அகப்பட்டதெல்லாம் அவன் வைத்ததே என்று துணிந்துவிடாமல், வைத்ததையும் தற்செயலாய் அமைந்ததையும் பிரித்தறிவதில்தான் இந்த ரசனையின் சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஹோமருடைய ‘இலியத்’ காவியத்தின் 24-ஆம் காண்டத்து முதல் ஐந்தடிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால், கிரேக்க மொழியில் வெண்மையைக் குறிக்கும் ‘லெவ்கே’ என்ற சொல் கிடைக்கிறது. அவ்வடிகள் கூறுவதோ, உயிர்த்தோழனைப் பறிகொடுத்த அக்கிலீஸ் உறக்கமின்றிப் புரண்டு அழுத துயரத்தை. வெண்மைக்கும் அத்துயரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாதலால், அதைத் தற்செயல் என்று கொள்வதே விவேகம்.

இனி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆராத்தஸ் என்னும் கவி வானக்குறிகளைப் பற்றிப் பாடிய ‘பைனோமெனா’வின் 783 முதல் 787 வரையுள்ள அடிகளைப் பாருங்கள். பிறையின் தோற்றத்தைக் கொண்டு வானிலையை அறியும் விதம் சொல்லப்படும் அவ்விடத்தில், முதலடி ‘மெல்லியது’ என்று பொருள்படும் ‘லெப்தே’ என்ற சொல்லோடு தொடங்க, அவ்வைந்தடிகளின் முதலெழுத்துகளும் கீழ்நோக்கி அதே சொல்லாகவே இறங்குகின்றன. குறுக்கே வாசித்தாலும் நெடுக்கே வாசித்தாலும் ஒரே சொல்; அச்சொல்லோ மெல்லிய பிறைக்கே உரிய அடைமொழி. 1960-இல் ஜாக் என்ற பிரெஞ்சு அறிஞர் எடுத்துக்காட்டிய இவ்வமைப்பில், கவியின் கருத்தும் கைத்திறனும் ஒன்றுபட்டு நிற்பதைக் காண்கிறோம்.

பொருத்தத்தைப் போலவே நீளமும் ஒரு சாட்சி. வெனிஸ் நகரில் 1499-இல் ஆல்டஸ் மனுத்தியஸ் அச்சிட்ட ‘ஹிப்னெரோடோமாக்கியா பொலிஃபிலி’ என்ற நூலின் 38 அத்தியாயங்களின் முதலெழுத்துகள், துறவி பிரான்செஸ்கோ கொலொன்னா போலியா என்பவளைப் பெரிதும் நேசித்தார் என்று கூறும் ஒரு முழு லத்தீன் வாக்கியமாகின்றன. ஆசிரியர் பெயர் வெளிப்படையாகக் குறிக்கப்படாத நூலில், இத்தனை எழுத்துகள் பிசகின்றி வரிசையில் நிற்பதைத் தற்செயல் என்று எவரும் சொல்லார்.

சிபில் என்ற தீர்க்கதரிசினியின் வாக்குகளில் இத்தகைய முதலெழுத்து அமைப்பைக் கண்ட ரோமானிய அறிஞர் சிசரோ, இது கவனமுள்ள எழுத்தாளனின் வேலையேயன்றி ஆவேசம் கொண்டவரின் பேச்சன்று என்று முடிவு கட்டினார். அவர் கண்ட உண்மையே நமக்கு வழிகாட்டி: முதலெழுத்தில் நாம் ரசிப்பது ஆசிரியனுடைய சிரத்தையை.

மொழிபெயர்ப்பில் இவ்வழகு பெரும்பாலும் அழிந்துவிடுமாதலால், தமிழ் வாசகர்கள் தம் மொழியிலேயே, அகர வரிசையில் அடிகளைத் தொடங்கும் ஔவையாரின் ஆத்திசூடியிலிருந்து இப்பழக்கத்தை ஆரம்பிக்கலாம். முதலில் நூலின் பொருளை நிதானமாக வாசியுங்கள். அதன் பிறகே முதலெழுத்துகளைக் கூட்டுங்கள். கிடைத்த சொல் அப்பொருளோடு இசையாவிடில், அது எவ்வளவு அழகிய சொல்லாயினும் விட்டுவிடுங்கள்.