ஒல்லாந்தமும் ஒடியாவும்: சொற்பட்டியலுக்கு அப்பால்

பெயருக்கு ஒல்லாந்த மொழியில் 'நாம்', ஒடியாவில் 'நாம'. இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தவை என நிறுவ இப்படிப் பட்டியல் போடுவதே வழக்கம். ஆசிரியர் கலாசாலையில் நானும் போட்டிருக்கிறேன். உறவு உண்மைதான். ஆனால் ஒலியொப்புமை மட்டும் உறவாகாது. நாம் சொல்லும் 'கந்தோர்' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அதனால் தமிழ் அவர்களுக்கு இனமாகிவிடவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இவ்விரு மொழிகளும் பாடசாலையில் பட்ட பாடு. 1870 அளவில் பாலசோரில் வங்காள ஆசிரியர் ஒருவர், ஒடியா தனிமொழியன்று என நூலே எழுதினார். (என் தொழிலைச் சேர்ந்தவர், வெட்கமாகத்தான் இருக்கிறது.) வங்காளப் பாடநூல்களே போதும் என்ற வாதத்திற்கு அது துணைபோனது. அவ்வூர்க்காரரான பக்கீர் மோகன் சேனாபதி அச்சுக்கூடம் நிறுவினார். ஒடியாவிலேயே பாடநூல்கள் எழுதினார்.

பெல்ஜியத்தில் ஒல்லாந்தம் பேசியோரே பெரும்பான்மையினர். ஆயினும் பிரெஞ்சு பேசிய மேட்டுக்குடிக்கு அது வெறும் நாட்டுப்புறப் பேச்சு. 1817இல் தொடங்கிய கெண்ட் பல்கலைக்கழகம் முழுமையாக அம்மொழிக்கு மாறியது 1930இல்தான்.

ஒப்புமை இங்கே சற்று முறிகிறது. பெல்ஜிய ஒல்லாந்தத்திற்கு எல்லைக்கப்பால் அதே மொழியில் இயங்கிய ஓர் அரசு இருந்தது. ஒடியாவுக்கு அத்தகைய அயல்வீடு இல்லை. 1936இல் தனி மாகாணம் அமையும்வரை ஒடியா பேசியோர் வெவ்வேறு மாகாணங்களில் சிதறியே கிடந்தனர்.