மேளம் புதிது, மோட்டார் பழையது

நெய்வேலியில் வாழ்வோருக்கு மின்சாரத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1962-ஆம் ஆண்டு முதல் இங்கே பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி வருகிறது. 600 மெகாவாட் திறன் பெற்றிருந்த முதல் அனல் மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. மின்சாரம் விளையும் ஊரில் மின்சாரத்தைப் பற்றிய அசட்டை இருக்குமா? இருக்கிறது. அண்மையில் நகரியத்துச் சிறு கோயில் ஒன்றில் அதைக் கண்டேன்.

எப்போதோ ஓர் அன்பர் வழங்கிய மின்சார மேளம் அங்கே பழுதாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்திருந்தார்கள். முரசுக்குப் புதுத் தோல், மணிக்கு மெருகு, இரும்புச் சட்டத்துக்குச் சிவப்பு வண்ணம். ஓசை கணீரென்று இருந்தது. ஆனால் மோட்டாரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. வெடிப்பு விட்ட ஒயர், இரண்டு முள் பிளக். எர்த் கம்பியே கிடையாது.

மின்சார மேளத்தின் அமைப்பு எளியது. மோட்டார் ஒரு பெல்ட்டை இழுக்கிறது. பெரிய சக்கரம் வேகத்தைக் குறைத்துத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டிலுள்ள நெம்புகள் கோல்களைத் தூக்கி விடுகின்றன. முரசும் மணியும் ஜால்ராவும் முறைப்படி ஒலிக்கின்றன. மேலைநாட்டில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. 1895-இல் அமெரிக்காவின் எட்வின் வோட்டி உருவாக்கிய பியானோலா அது. துளையிட்ட காகிதச் சுருளின் வழியே காற்று இழுக்கப்பட்டுக் கட்டைகள் அழுந்தும். காலால் மிதித்து இயக்கிய இவ்வகைப் பியானோக்களுக்குப் பின்னர் மின் மோட்டாரும் வந்தது. இன்று அவற்றைப் பழுதுபார்ப்போர் அஞ்ச வேண்டியதும் அந்த மோட்டாருக்கே. காய்ந்து உதிரும் ரப்பர் உறை, உலர்ந்த மரம், தூசி, துணி. ஒரு தீப்பொறி போதும்.

மின்சார மேளத்தின்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அது நாதசுரம், தவில் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது, அதன் ஓசையில் உயிர் இல்லை என்பதாகும். நியாயமான குறைதான். எனினும், மேளக்காரரை அமர்த்த வசதியற்ற சிறு கோயிலில் தீபாராதனை வேளையை ஊருக்கு அறிவிப்பது இந்த இயந்திரமே என்பதையும் மறுக்க முடியாது. என் குறை வேறு. ஓசையில் உயிர் இருக்கிறதா என்று கேட்கும் நாம், அருகில் நிற்பவரின் உயிரைப் பற்றிக் கேட்பதில்லை.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அர்ச்சகர் அபிஷேகம் முடித்து, ஈரக் கையுடன், ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து இயந்திரத்தைத் தொடுகிறார். நனைந்த உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொள்வோம். மின்னழுத்தம் 230 வோல்ட். மோட்டாரின் சுருளிலிருந்து மின்சாரம் சட்டத்துக்குக் கசிந்திருந்தால், அவர் உடலில் பாயக்கூடியது 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசைகள் இறுகிப் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். இந்த அளவோ இதயத்தையே நிறுத்த வல்லது.

“ஃபியூஸ் இருக்கிறதே!” என்றார் அங்கிருந்த ஒருவர். 5 ஆம்பியர் ஃபியூஸ் உருக, இதைப்போல் இருபது மடங்குக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். ஃபியூஸ் ஒயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. மனிதனைக் காப்பவை இரண்டு. ஒன்று, சட்டத்தோடு இறுகப் பிணைத்த எர்த் கம்பி. மற்றொன்று, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுமின் தடுப்பான்.

பெல்ட்டுக்கும் மூடி இல்லை. நிமிடத்துக்கு 1,440 முறை சுற்றும் மோட்டாரில் 5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் இருந்தால், பெல்ட் விநாடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர் ஓடும். திடுக்கிட்டுக் கையை இழுக்கும் கால் விநாடிக்குள் வேட்டி நுனி 90 செ.மீ. உள்ளே போய்விடும். கோல் எங்காவது சிக்கி மோட்டார் நின்றுவிட்டால், அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். சுருளின் காப்புறை கருகும்.

இவற்றைச் சீர்செய்யப் பெருஞ்செலவு ஆகாது. மெக்கர் கருவியால் சுருளுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையிலான தடையை அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த மோட்டாரை ஓட்டலாகாது. மூன்று கம்பி ஒயர், மூன்று முள் பிளக், பெல்ட்டுக்குத் தகர மூடி, மிகைச்சுமையில் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை போதும்.

மின் நிலையத்தில் இயந்திரத்தைத் தொடுமுன் இணைப்பைத் துண்டித்து, பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே வேலை தொடங்குவது முறை. அந்த முறையை அறிந்த தொழிலாளர் பலர் மாலையில் கும்பிட வரும் ஊர் இது. அவர்களில் ஒருவர் தம் அறிவையும் கோயிலுக்குள் கொண்டு வந்திருந்தால், புதுப்பித்தல் முழுமை பெற்றிருக்கும். தோலும் வண்ணமும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்; முதலில் மாற்ற வேண்டியது அந்த இரண்டு முள் பிளக்.