நோட்டைத் தானே திறக்க முடியாத கணக்கர்

சொந்தமாக சர்வர் வைத்து இணையதளம் நடத்தப் போகிறேன், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்று கேட்டால் பலரும் டெபியன் அல்லது உபுண்டு என்பார்கள். அதன் மேல் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். நல்ல யோசனைதான். ஆனால் என்னைக் கேட்டால் ஓப்பன்பிஎஸ்டி என்பேன். அதனோடு வரும் எச்டிடிபிடி என்ற வெப் சர்வருக்காகவே அப்படிச் சொல்வேன்.

கனடாவின் கால்கரி நகரிலிருந்து தியோ டி ராட் 1995-ல் தொடங்கிய சிஸ்டம் இது. பேத்தை மீன்தான் சின்னம். ரைக் ஃப்ளோட்டர் எழுதிய எச்டிடிபிடி, 2014-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.

அதற்கு நாம் எழுதித் தர வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். தளத்தின் பெயர் ஒரு வரி. எந்த போர்ட்டில் காதுகொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. பக்கங்கள் எந்த ஃபோல்டரில் என்று ஒரு வரி. பிறகு அடைப்புக்குறியை மூடினால் தளம் தயார். அந்த மூன்றாவது வரியில்தான் ஓர் அழகு இருக்கிறது. பக்கங்கள் உண்மையில் இருப்பது ‘வார்’ ஃபோல்டருக்குள், மூன்று டபிள்யூ ஃபோல்டருக்குள், எச்டிடாக்ஸ் ஃபோல்டரில். நாம் எழுதுவதோ வெறும் ‘/எச்டிடாக்ஸ்’. பக்கங்களை எடுத்துத் தரும் சர்வருக்கு அந்த மூன்று டபிள்யூ ஃபோல்டர்தான் உலகம். அதற்கு வெளியே கணினியில் வேறு ஏதோ இருப்பதே அதற்குத் தெரியாது. எனவே முகவரியை அதன் கண்ணால் பார்த்து எழுதுகிறோம்.

ஓடத் தொடங்கியதும் எச்டிடிபிடி ஐந்து பேராகப் பிரிந்துகொள்ளும். தலைவர் ஒருவர், பக்கம் எடுத்துக் கொடுப்பவர் மூவர், யார் வந்தார், எதைக் கேட்டார் என்று குறித்துவைக்கும் கணக்கர் ஒருவர். 80-ஆம் எண் போர்ட்டைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும். அது தலைவரிடம் மட்டும் நிற்கும். மற்ற நால்வரும் வேலையைத் தொடங்குமுன் அதை இறக்கிவைத்துவிடுவார்கள்.

கணக்கர் செய்வதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 2016-ல் வந்த 5.9 பதிப்பில் ‘பிளெட்ஜ்’ என்ற ஏற்பாடு முழு வடிவம் பெற்றது. உறுதிமொழி என்று பொருள். இன்னின்னதை மட்டுமே செய்வேன் என்று புரோகிராம், சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் வாக்குக் கொடுக்கும். கணக்கர் கொடுக்கும் வாக்கில் இரண்டே சொற்கள். திறந்திருக்கும் கோப்பில் எழுதுவேன், படிப்பேன் என்பது ஒன்று. பிறர் திறந்து நீட்டுவதை வாங்கிக்கொள்வேன் என்பது மற்றொன்று. கோப்பைத் திறக்கும் உரிமை அதில் இல்லை. தன் கணக்கு நோட்டைக்கூட அவர் திறக்க முடியாது. தலைவர்தான் திறந்து கையில் கொடுக்க வேண்டும்!

ஏதோ ஒரு பிழை வழியாகத் திருடன் ஒருவன் அந்தக் கணக்கருக்குள் புகுந்துவிட்டான் என்று வையுங்கள். பாஸ்வேர்டு கோப்பைத் தொடப் போனால், வெளியே இணைப்புப் போடப் போனால், வாக்கு மீறிய அந்த நொடியே கெர்னல் புரோகிராமைக் கொன்றுவிடும். எச்சரிக்கை கிடையாது. விட்டுக்கொடுத்த அனுமதியைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. அதிகாரம் கையில் இருக்கும்போதே இவ்வளவையும் யோசித்துத் துறந்துவிடுகிற புரோகிராமை எழுதியவர்களின் மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஓப்பன்பிஎஸ்டியின் கையேடுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. இணைப்பு அறுந்தாலும் படிக்கலாம். ‘சிஸ்பேட்ச்’ என்று அடித்தால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும். ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு.

குறைகளும் உண்டு. திடீரென்று கரண்ட் போனால் மறுபடி எழும்போது டிஸ்க்கைச் சரிபார்த்த பிறகே எழும். யுபிஎஸ் இல்லாமல் வீட்டில் வைக்காதீர்கள். வேர்ட்பிரஸ் வேண்டுபவர்கள் பிஎச்பி, மரியாடிபி என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு டெபியனே சுகம். கட்டுரை, புகைப்படம் என்று சாதாரணப் பக்கங்கள் வைப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான இடம் எனக்குத் தெரியாது.

கணக்கரின் அந்த இரண்டு சொல் வாக்கைக் கண்ணாலேயே பார்க்க ஆசைப்பட்டால் எச்டிடிபிடியின் மூலநிரலில் ‘லாகர்’ என்ற கோப்பைத் தேடுங்கள். அது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.