வானேறிய சாணவண்டு

நாடக மேடைக்கென்று செய்யப்படும் யந்திரங்களுக்குக் கலைகளின் வரிசையில் ஓர் ஆசனம் கொடுக்க ரசிகர்கள் பொதுவாகத் தயங்குகிறார்கள். ஓவியத்தைப் போலச் சுவரில் மாட்டி வைப்பதற்கோ, சிற்பத்தைப் போலப் பல தலைமுறை காத்து வைப்பதற்கோ இடமில்லாமல், சில நிமிஷங்கள் இயங்கிவிட்டுப் பிறகு மரமாகவும் கயிறாகவும் பிரிந்து போய்விடுகிற ஒன்றிடம் ரசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணுகிறார்கள் போலும். ஆனால் 1547ஆம் ஆண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி நாடகத்துக்காகச் செய்யப்பட்ட சாணவண்டின் சரித்திரத்தை அறிந்தவர்கள் அந்தத் தயக்கத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

அந்த வண்டைச் சிருஷ்டித்தவர் ஜான் டீ. பிற்காலத்தில் எலிசபெத் மகாராணியின் நன்மதிப்பைப் பெற்ற கணித மேதையாகவும் சோதிடராகவும் புகழடைந்த அவர், அப்போது இருபது வயதையொட்டிய இளைஞர். எட்டாம் ஹென்றி 1546இல் ஸ்தாபித்த ட்ரினிட்டி கல்லூரியின் முதல் அங்கத்தினர்களுள் ஒருவராகவும் கிரேக்க மொழியின் உதவி ஆசிரியராகவும் நியமனம் பெற்றிருந்தாரே ஒழிய, எம்.ஏ. பட்டம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. கல்லூரியில் அரங்கேற்ற அவர் தேர்ந்தெடுத்த நாடகம், அரிஸ்டோபனீஸ் எழுதிய ‘சமாதானம்’ என்ற கிரேக்க ஹாஸ்ய நாடகம்.

கி.மு. 421இல் ஏதென்ஸில் முதன்முதலாக நடிக்கப்பெற்ற அந்த நாடகத்தில், ஸ்பார்ட்டாவோடு ஆண்டுக்கணக்கில் நீடித்த போரினால் அலுத்துப்போன ட்ரைகீயஸ் என்னும் திராட்சைத் தோட்டக்காரன், தேவர்களிடமே நேரில் சென்று நியாயம் கேட்பதென்று தீர்மானித்து, ஒரு பிரம்மாண்டமான சாணவண்டைத் தீனி போட்டு வளர்த்து, அதன்மேல் ஆரோகணித்து வானுலகம் செல்கிறான். யூரிபிடீஸ் தம்முடைய சோக நாடகம் ஒன்றில் பெல்லரோபோன் என்னும் வீரனைச் சிறகு முளைத்த குதிரையின்மேல் ஏற்றி அனுப்பியிருந்தார். அந்தக் கம்பீரத்தைப் பரிகசிப்பதற்காகவே குதிரையின் ஸ்தானத்தில் வண்டு வந்து அமர்ந்தது. குதிரையில் போகலாகாதா என்று மகள் கேட்கும்போது, அதற்கு இரட்டைத் தீனி அல்லவா வேண்டும், வண்டுக்கோ நான் உண்டதே மறுபடியும் உணவாகிவிடும் என்று தகப்பன் காரணம் சொல்கிறான். ஏதென்ஸ் அரங்கின் பின்புறத்தில் இதற்கென ஒரு தூக்கு யந்திரம் இருந்தது. பட்டப்பகலில் திறந்த வெளியில் நடக்கும் நாடகமாகையால், கயிற்றை மறைப்பது வீண் முயற்சி என்று கண்டுகொண்ட கவி, அதையே ஹாஸ்யமாக்கிவிட்டார்; பாதி வானத்தில் ட்ரைகீயஸ் தன் வேஷத்தை மறந்து, யந்திரத்தை இயக்குகிறவனைக் கூவி அழைத்து, ஜாக்கிரதையாக இருக்கும்படி மன்றாடுகிறான்.

டீயின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. ஒரு மனிதனையும் அவனுடைய உணவுக் கூடையையும் முதுகில் சுமந்துகொண்டு தம்முடைய வண்டு தேவராஜனாகிய ஜூபிடரின் அரண்மனைக்குப் பறந்தது என்று 1592இல் எழுதிய சுயசரிதக் குறிப்பில் கூறும் அவர், பறந்த உபாயத்தை மாத்திரம் அங்கே வெளியிடவில்லை. ஆனால் இவ்வகைப் பொறியைச் செய்யத் துணியும் எவன் முன்னும் வந்து நிற்கும் பிரச்சினைகள் எந்தக் காலத்திலும் மாறாதவை. 60 கிலோ எடையுள்ள நடிகனை உயர்த்த வேண்டுமானால், அசையும் கப்பி ஒன்றைச் சேர்த்துப் பாதி விசையால் காரியத்தை முடிக்கலாம். ஆனால் இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லையாதலால், 5 மீட்டர் ஏற்றுவதற்கு 10 மீட்டர் கயிற்றை இழுத்தாக வேண்டும். எதிர் எடை கட்டினால் இழுப்பவனுடைய சிரமம் குறையும். வண்டும் மனிதனும் சேர்ந்த பாரத்தின் மையத்துக்கு மேலே கயிறு பிணைக்கப்படாவிட்டால் வாகனம் கவிழும். நடிகன் வசனம் பேசுவதற்காகச் சற்று முன்னே சாயும்போதெல்லாம் அந்த மையமும் இடம் பெயர்வதால், ஒரே கயிற்றை நம்பாமல் இரண்டு மூன்று இடங்களில் பிணைக்க வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் கணிதம்; கலை இதற்கு அப்பால் ஆரம்பிக்கிறது. மேலே தூக்குகிற சக்தி கயிற்றிலிருந்து வந்தாலும், சிறகிலிருந்தே வருவதாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டும். சிறகு ஒரு கணம் முன்னதாகவே அடிக்கத் தொடங்கி, பிறகே உடல் தரையை விட்டு எழுந்தால் பார்ப்பவர் மனம் அதைப் பறத்தல் என்று ஏற்கும். இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் தூக்கிவிட்டார்கள் என்று சொல்லிவிடும். அந்த ஒரு கணத்தின் தாமதத்தைக் கண்டுகொள்ளுகிறவனே கலைஞன். சீவக சிந்தாமணியில் விசயையைச் சுமந்து செல்லும் மயிற்பொறியைப் படித்து மகிழ்ந்த நமக்கு ஒரு வித்தியாசம் இங்கே விளங்கும்: காவியத்தின் மயிலுக்குக் கவியின் வாக்கே இறகாகிவிடுகிறது; மேடையில் ஏறும் வண்டோ ஒவ்வொரு ராத்தலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கூடையை நான் தனியே வியக்கிறேன். பாரத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் பாரத்தைக் கூட்டுவது யந்திர புத்திக்கு விரோதம். ஆனால் பிரயாணியின் உணவே வாகனத்தின் உணவாகும் என்ற விகடம் நாடகத்தில் இருக்கும்போது, கூடையில்லாத வண்டு வெறும் தூக்கு யந்திரமாகவே நின்றிருக்கும். பொறியின் சௌகரியத்துக்காக நாடகத்தைக் குறைக்காமல், நாடகத்தின் ரசத்துக்காகப் பொறியை வருத்திய இந்த இடத்தில்தான் டீயின் ரசிகத்தன்மை வெளிப்படுகிறது.

சபையோர் பேராச்சரியம் அடைந்தார்கள். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பது பற்றி வீண் வதந்திகளும் பரவின. 1555இல் அரச குடும்பத்தாரின் ஜாதகங்களைக் கணித்ததற்காக அவர் கைது செய்யப்பட்டபோது, மாந்திரீகக் குற்றச்சாட்டும் கூடவே வந்தது; விடுதலை பெற்ற பின்னும் அந்த அபவாதம் அவரை விட்டு நீங்கவில்லை. 1570இல் ஆங்கிலத்தில் வெளிவந்த யூக்ளிட் நூலுக்கு எழுதிய முன்னுரையில், இத்தகைய அதிசயங்களைச் செய்வதையே கணிதத்தின் ஒரு கிளையாக வகுத்து, காற்றாலும் பாரத்தாலும் முறுக்கிய நாண்களாலும் சுருள்வில்லாலும் அவை இயங்கும் விதங்களைக் குறிப்பிட்டு, பண்டைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிடாஸின் மரப்புறாவையும், நியூரம்பெர்க்கில் விருந்தினரைச் சுற்றிப் பறந்து எஜமானன் கைக்கே திரும்பியதாகச் சொல்லப்பட்ட இரும்பு ஈயையும் உதாரணம் காட்டி, கற்றறிந்தவனை மந்திரவாதி என்று தூற்றும் உலகத்தை அவர் மனம் நொந்து கடிந்துகொள்கிறார்.

மேடைப் பொறியின் ரசம் இரண்டு படிகளையுடையது. கண்டவுடன் எழும் வியப்பு முதற்படி. அது கப்பியும் கயிறும் கணக்கும் என்று அறிந்த பின்னரும் குறையாமல், அறிந்ததனாலேயே பெருகுகிற வியப்பு இரண்டாம்படி. அரிஸ்டோபனீஸ் கயிற்றைக் காட்டி முதற்படியிலேயே இரண்டாவதையும் கொடுத்தார். டீ கயிற்றை மறைத்து, இரண்டாம்படியைச் சபையோரின் அறிவுக்கு விட்டுவைத்தார். கல்லூரிக் கலைவிழாவுக்கென்று பொறி சமைக்கும் மாணவன் இவ்விரு வழிகளில் எதைக் கைக்கொண்டாலும் பழுதில்லை. ஆனால் திரை விழுந்த பிறகு, எப்படிச் செய்தாய் என்று கேட்டு வருகிறவனை அழைத்துச் சென்று கப்பியைக் காட்டுவதையும் அவன் தன் கலையின் ஓர் அங்கமாகவே கொள்ள வேண்டும். அவ்வாறு கேட்கத் தெரிந்தவனே அவனுக்கு வாய்த்த மெய்யான ரசிகன்.