அச்சுக்கூட ஊரும் டாலர் விலை நூல்களும்

சிவகாசி வட்டாரத்தை ஆழமாகப் படித்தவர்களில் அமெரிக்கர் ராபர்ட் ஹார்ட்கிரேவை விட்டுவிட முடியாது. நாடார் சமூகம் பற்றிய அவரது நூலைக் கலிபோர்னியா பல்கலைக்கழக அச்சகம் 1969இல் வெளியிட்டது. 1899இன் சிவகாசிக் கலவரமும் மகமை என்னும் பொது நிதி ஏற்பாடும் அதில் முக்கிய இடம் பெறுகின்றன. அடுத்தவர் கஜ்ரி ஜெயின். சாமிபடக் காலண்டர்களுக்குப் பின்னால் ஓடும் பணத்தையும் பக்தியையும் ஆராய்ந்த அவரது நூல் 2007இல் டியூக் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வந்தது. இரண்டுமே டாலர் விலையில் பிறந்தவை. அந்த விலையை வைத்தவர்கள் சாத்தூர்க் கல்லூரி நூலகத்தின் வரவுசெலவைப் பார்த்து வைக்கவில்லை.

இதே கலிபோர்னியா அச்சகம் 2015இல் லூமினோஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் வரும் ஆய்வுநூலை எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தென்னிந்தியப் பின்னணிப் பாடகியர் பற்றி அமண்டா வைட்மன் எழுதிய நூல் 2021இல் அப்படித்தான் வந்தது. இலவசம் வாசகருக்குத்தான். தொடக்கத்தில் ஒரு நூலுக்கு 15,000 டாலர் என்று கணக்கிட்டு, பாதியை ஆசிரியரோ அவரது நிறுவனமோ தரவேண்டும் என்றார்கள். அருப்புக்கோட்டையில் பாடம் நடத்தும் பேராசிரியர் அதற்கு எங்கே போவார்?

தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பழைய வழி ஒன்று தெரியும். பாரதியின் எழுத்தில் 1949இல் தொடங்கிய நாட்டுடைமை முறை அது. அரசு வாரிசுகளுக்கு ஒருமுறை பணம் கொடுத்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ராஜபாளையத்தை அடுத்த முறம்பில் இளவயதில் ஆசிரியராக இருந்த தேவநேயப் பாவாணரின் மொழியாய்வு நூல்களும் இந்த வழியில்தான் பொதுவுக்கு வந்தன. நாட்டுடைமை நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வலையேற்றியது. விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் அவற்றை மெய்ப்புப் பார்க்கிறார்கள். 1998இல் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தமிழ் மின்னூல் முயற்சியையும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டத்தையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். ஆய்வுநூல் வெளியீட்டுக் கொள்கை பற்றிப் பேசும் உலக அரங்குகள் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆனால் நாட்டுடைமை பெரும்பாலும் மறைந்தவர்களுக்கானது. இன்று ஆய்வு செய்பவருக்குக் கிடைப்பது சோத்கங்கா என்னும் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியம். முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி வகுத்தது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் பற்றிய ஏடுகளும் அங்கே திறந்தே கிடக்கின்றன. உள்ளதைச் சொன்னால், பாதியில் ஒரே மாதிரி வினாப்பட்டியல், ஒரே மாதிரி சதவீத அட்டவணை. ஆனாலும் கூலி, கடன், விபத்துக்குப் பிந்தைய குடும்பநிலை என்று களத்தில் கேட்டெழுதிய தகவல்கள் நடுவே புதைந்திருக்கும். நல்ல பதிப்பாசிரியர் கைபட்டால் அவற்றில் சில புத்தகமாகும்.

ஆய்விதழ்ச் சந்தாவுக்காக 2024இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் மூன்றாண்டு மதிப்பு 6,000 கோடி ரூபாய். அது இதழ்களுக்கு; ஆய்வேட்டை நூலாக்கும் வேலை அதன் கணக்கில் இல்லை. சிவகாசியில் ஆப்செட் எந்திரத்துக்குக் குறைவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில் குடும்பங்களின் பெயரைத் தாங்கிய கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பதிப்பாசிரியர் ஒருவருக்குச் சம்பளமும் இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு ஊதியமும் கொடுத்தால், இந்த வட்டாரத்தைப் பற்றிய முதல் திறந்த நூலைத் தமிழிலேயே கொண்டுவரலாம்.