நிறமும் லிட்டர் வெயிட்டும்

போடியில் ஏலத்துக்கு வந்த ஏலக்காயின் மாதிரியைப் பிரிக்கும் வியாபாரி முதலில் பார்ப்பது நிறத்தை. பச்சை கண்ணைப் பறித்தாலும் உடனே விலை சொல்லிவிட மாட்டார். லிட்டர் வெயிட், அதாவது ஒரு லிட்டர் காயின் எடை, எவ்வளவு என்பார். சிகாகோவின் வால்கோ நிறுவனம் செய்த கண்ணாடியிழை எலெக்ட்ரிக் கிட்டார்களையும் அப்படித்தான் எடை போட வேண்டும்.

நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1962-இல் வால்கோ மரத்துக்குப் பதிலாக, பாலியெஸ்டர் பிசினோடு கண்ணாடியிழையைச் சேர்த்து அச்சில் வார்த்து உடம்பு செய்தது. 'ரெஸ்-ஓ-கிளாஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தது. படகு கட்டுகிறவர்களின் உத்திதான்: அச்சில் முதலில் வண்ணம், அதன்மேல் இழை. அதனால் நிறம் மேலே அடித்த பெயின்ட் அல்ல, உடம்பின் தோலே அதுதான். இப்படி வார்த்த இரண்டு ஓடுகளைச் சேர்த்தால் உடம்பு தயார். நேஷனல் என்ற பெயரில் அமெரிக்க வரைபட வடிவம். மான்ட்கமெரி வார்டு கடைகளுக்கு ஏர்லைன் என்ற பெயரில் கோணல்மாணலான சிவப்பு.

பிளாஸ்டிக் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீணைக்குப் பலாமரம் வேண்டும், குடம்தான் அங்கே ஒலியைப் பெருக்குகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரிலோ கம்பியின் அதிர்வை வாங்குவது பிக்கப். இதில் வால்கோ ஒரு சின்னத் தில்லுமுல்லு செய்தது: வெளித்தோற்றம் இரட்டைச் சுருள், உள்ளே இருப்பது ஒற்றை. ஆனால் அந்தக் கீச்சுக் குரலில் ஒரு தனி ருசி இருப்பதை மறுக்க முடியாது.

லிட்டர் வெயிட் குறைவது கிட்டாரின் கழுத்தான நெக்கில். போடி வெயிலில் சுருதி சேர்த்த கிட்டாரோடு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு மூடுபனியில் பெட்டியைத் திறந்து பாருங்கள், சுருதி கலைந்திருக்கும். ஈரத்துக்கு நெளிவது நெக். வால்கோ அதை மரத்திலேயே விட்டுவிட்டது. உள்ளே மெக்னீசியம் வைத்ததே தவிர, நெளிந்தால் நிமிர்த்தத் திருகு வைக்கவில்லை. செயற்கைப் பொருளால் உற்பத்தியாளருக்கு மரவேலையும் வண்ணவேலையும் மிச்சம். வாசிப்பவருக்கு மிச்சமானது அழகு மட்டுமே. விண்வெளித் துறைப் பொறியாளரான ஜெஃப் கோல்ட் 1978-இல் தொடங்கிய மாடுலஸ் கிராஃபைட், கார்பன் இழையை நெக்குக்குக் கொண்டுபோனது. செயற்கைப் பொருள் எங்கே தேவை என்ற கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்த நிறுவனந்தான். (அதுவும் 2013-இல் மூடப்பட்டது. சரியாகச் செய்தவர்களெல்லாம் பிழைத்துவிடுகிறார்களா என்ன?)

வால்கோவைக் கொன்றது கண்ணாடியிழை அல்ல. கிட்டார் மோகம் தணிந்து, மலிவான ஜப்பானியச் சரக்கு குவிந்துகொண்டிருந்த 1967-இல், தள்ளாடிக்கொண்டிருந்த கே என்ற கிட்டார் நிறுவனத்தை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே இரண்டும் சேர்ந்து மூழ்கின.

பின்னாளில் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இசைக்குழுவின் ஜாக் ஒயிட் கையில் அந்தச் சிவப்பு ஏர்லைன் மறுபடி பேர் வாங்கியது. ஈஸ்ட்வுட் நிறுவனம் அதே வடிவத்தை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது, மஹோகனி மரத்தில்.